எரியாத பல்பை மாற்றாதீர்கள்

போன மாதம் துறை விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, பிரியாணி போட்டீர்கள். இரண்டிலும் குறையில்லை. சாப்பிட்ட கையோடு பழைய ஆய்வகத்துக்குள் நுழைந்து, ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அந்த உரிமையாவது உண்டு. அப்போது உங்களில் ஒருவர், இந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்தவர், மேசைமேல் இருக்கும் கம்பி சுற்றிய இரும்பு வளையத்தையும் அதோடு சேர்ந்த சின்ன பல்பையும் காட்டிக் கேட்டார்: "சார், இது ஃபியூஸ் போயிருக்கு போல. நான் வந்ததுலேர்ந்து எரிஞ்சே பாக்கல. மாத்திடட்டுமா?"

"வேணாம்பா" என்று மட்டும் சொன்னேன். கண் சொக்கிக்கொண்டிருந்தது ஒரு காரணம். ஒரே வரியில் சொல்ல அதற்குப் பதில் இல்லை என்பது இன்னொரு காரணம். பிரியாணி செரித்துவிட்டது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கேட்டவர் மட்டுமல்ல, புதிதாக வந்திருக்கும் எல்லோரும் படியுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்காது.

நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் இருந்தார். மின்புலமும் காந்தப்புலமும்தான் நிஜம், பொட்டன்ஷியல் என்பது அவற்றைக் கணக்கிடச் சுலபமாக இருக்கட்டும் என்று நாம் எழுதிக்கொள்ளும் ஒரு எழுத்து, அவ்வளவுதான் என்பார். வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம், பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுகிறோம், அதை யாராவது வீடு என்பார்களா என்று கேட்பார். நல்ல மனிதர். நானும் வேலைக்கு வந்து பல வருஷம் அதே சாரத்தைக் கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளும் எழுதி மார்க் வாங்கினார்கள்.

குவாண்டம் பாடம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. எலக்ட்ரானுக்கு எழுதும் சமன்பாட்டில் புலம் நேராக வருவதில்லை. பொட்டன்ஷியல்தான் வருகிறது. காந்தப்புலத்தை ஓரிடத்தில் முழுக்க அடைத்துவைத்துவிட்டு, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எலக்ட்ரானின் அலையை அனுப்பினால், புலத்தைத் தொடாமலே போன இரண்டு கிளைகளும் மறுபடி சேரும் இடத்தில் ஏறுமாறாகச் சேர்கின்றன. பெரிய ஆய்வுக்கூடங்களில் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். புலமே இல்லாத வழியில் போன எலக்ட்ரானுக்கு உள்ளே அடைபட்டிருப்பதைப் பற்றி எப்படித் தெரிந்தது? வழியெல்லாம் பொட்டன்ஷியல் இருந்தது. சாரத்தைப் பிரிக்க முடியவில்லை. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று ஆய்வக ஜன்னலில் நின்று பாலாற்று மணலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான வெயிலில் மணல் நீர் மாதிரி நெளிந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இனி அந்த வளையத்தின் கதை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். நீங்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் உங்கள் துறைத்தலைவர் எஸ்தர் மேடம் அப்போது தற்காலிக ஆசிரியர். ஒவ்வொரு கோடை விடுமுறையும் முடியும்போது வேலை இருக்கிறதா என்று வந்து கேட்க வேண்டிய நிலை. ஆம்பூரிலிருந்து காலை ரயிலில் வருவார். அவருடைய அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவர். எஸ்தர் என்றே எழுதுகிறேன், மன்னிக்கச் சொல்லுங்கள், வாய்க்கு அதுதான் பழக்கம்.

துறையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வருவதாக இருந்தது. தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தோல் வியாபாரத்தில் தலை நரைத்தவர், கெட்டவர் இல்லை, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"இன்னா சார், ஃபிசிக்ஸுக்குப் புள்ளைங்க ரொம்பக் கம்மியா இருக்கு. கம்ப்யூட்டருக்கு ரூம் பத்தல. எல்லாரும் உங்க துறையைத்தான் கை காட்டறாங்க."

"தெரியும் சார்."

"கமிட்டி வர்றப்ப ஜோரா ஏதாவது காட்டுங்க. அவங்க நல்லதா நாலு வார்த்தை சொன்னா துறையை நான் தொட மாட்டேன். அந்த எஸ்தர் பொண்ணுக்கும் பெர்மனென்ட் போட்டுடறேன். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல சார்."

எஸ்தரிடம் அப்படியே சொன்னேன். அவர் அந்த வாரம் முழுக்க வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு இரும்பு வளையத்தில் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் கை வேலை மகள் விரலில் இருந்தது. ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை. அப்படிச் சுற்றிய வளையத்தில் மின்சாரம் விட்டால் காந்தப்புலம் வளையத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே காந்த ஊசியை வைத்தால் அசையாது. பிறகு வளையத்தின் ஓட்டை வழியே வேறொரு கம்பியை நுழைத்துச் சில சுற்று சுற்றி, அதன் இரு முனையையும் ஒரு சின்ன பல்பில் சேர்த்தார். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் குறைத்து வளையத்துக்குக் கொடுத்தார். பல்பு எரிந்தது.

எனக்கு மெய் சிலிர்த்தது. வெளியே காந்தம் இல்லை. பல்பு எரிகிறது. அப்படியென்றால் அதை எரியவைப்பது எது? பொட்டன்ஷியல்! நான் போய்த் தாளாளரைக் கூட்டிவந்தேன். அவர் தன் டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாளே ஆய்வக வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள், குவாண்டம் அதிசயத்தை நேரில் பாருங்கள் என்று. சாயங்காலம் நான் ஒரு மாதிரி மிதந்துகொண்டே பஸ் ஏறினேன்.

இயற்பியல் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. மற்றவர்களுக்கு அந்த அளவு படிப்பு இல்லாததால் தப்பித்துக்கொள்வார்கள்.

குழு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம். வேலூர் வெயில் ஜன்னல் கம்பியை எல்லாம் பழுக்கக் காய்ச்சியிருந்தது. எஸ்தர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், பேட்டரியில போட்டுப் பாத்தேன்."

"எதை?"

"வளையத்தை. எரியல சார்."

நான் உடனே சொல்லியிருப்பேன், கம்பி விட்டுப்போயிருக்கும் பார் என்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஓயாமல் திசை மாறுவது. அதனால் வளையத்துக்குள் காந்தப்புலமும் ஓயாமல் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் வெளியே மின்புலத்தை உண்டாக்கும். அந்த மின்புலம்தான் பல்பை எரித்தது. காந்தம் வெளியே இல்லை என்பதில் நாங்கள் மயங்கி, மின்புலம் இருப்பதை மறந்துவிட்டோம். பேட்டரி நிலையான மின்சாரம். உள்ளே புலம் இருக்கிறது, மாறவில்லை. வெளியே மின்புலமும் கிடையாது. பல்பு எதற்கு எரியும்?

"அதிசயம் இல்ல சார் இது. நம்ம வீட்டு ஸ்டெபிலைசர்ல இருக்கிற டிரான்ஸ்பார்மர்" என்றார் எஸ்தர். "பேனர் கட்டிட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. துறை இருக்குமா போகுமா என்பது நாளைக்கு முடிவாகும். இவருடைய வேலையும் அதில்தான் தொங்குகிறது. வரும் மூன்று பேரில் இயற்பியல்காரர் ஒருவர்தான் என்று தெரியும். எரியும் பல்பைப் பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டு, அடுத்த கட்டடத்துக்குப் போய்விடலாம். யாரும் எங்களைக் கேட்கப் போவதில்லை.

"இன்னா செய்யலாம்னு நினைக்கிற?" என்று கேட்டேன்.

அவர் காந்த ஊசியின் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டே பேசினார். "எங்கம்மா கம்பெனிக்கு வெளிநாட்டுலேர்ந்து ஷூ வாங்கற பையர் வருவாங்க சார். அன்னிக்கு ஒரு ஜோடி சாம்பிள் காட்டுவாங்க. அவ்ளோ அழகா இருக்கும். அப்புறம் பெட்டியில போறதும் அதே மாதிரி இருக்கணும். ஒரு தடவை வேற தோல் வெச்சு அனுப்பி, மொத்தமும் திரும்பி வந்துடுச்சு. எங்கம்மா லைன்ல எல்லாரும் உக்காந்து பிரிச்சாங்க. அவங்களே தெச்சது சார், அவங்களே பிரிச்சாங்க. அம்மா அன்னிக்கு வீட்ல சாப்பிடல."

இதற்கு மேல் என்ன கேட்பது. தாளாளரிடம் போனேன். சொன்னேன். அவர் கவனமாகத்தான் கேட்டார்.

"பல்பு எரியுதா, இல்லியா?"

"எரியுது சார். ஆனா..."

"எரியுதுல்ல. அப்புறம் இன்னா பேஜார்? பாத்துட்டுப் போவட்டும். நீங்களா வாயைத் தொறக்காதீங்க. அந்தப் பொண்ணோட வேலையையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க சார்."

அவர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கட்டிப்போட்டது. என் வேலை முடியப்போகிறது, நான் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம். உண்மை பேசுகிற செலவு எஸ்தர் தலையில் விழும். இதை நன்றாகக் கவனியுங்கள். நெருக்கடி நேரத்தில் சரி எது தப்பு எது என்பது பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கும். யாருடைய செலவில் சரியாக இருக்கிறோம் என்பதுதான் ஆளைப் போட்டுப் படுத்தும். ஆய்வகத்துக்குத் திரும்பிவந்து தாளாளர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எஸ்தரிடம் சொன்னேன். அவர், "நாளைக்கு வர்றேன் சார், ரயிலுக்கு நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் குழு வந்தது. இயற்பியல்காரர் தெற்கே பிறந்து வடக்கே வெகுகாலம் பேராசிரியராக வேலை பார்த்தவர். வெள்ளைத் தலை, மெதுவான நடை. தோல் ஊருக்குக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைத்தான் எங்கள் தாளாளர் முதலில் கவனித்து முகம் சுளித்தார்.

ஆய்வகத்தில் திரையை இழுத்துவிட்டிருந்தோம். அந்த மங்கலில் பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பேராசிரியர் குனிந்து காந்த ஊசியைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்து, "பொட்டன்ஷியல் நிஜம்தான்னு இங்கே காட்டிட்டீங்க. அப்படித்தானே?" என்றார்.

அவர் தெரிந்தே கேட்டாரா, அவரும் எங்களைப் போல மயங்கினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தாளாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசக்கூட வேண்டியதில்லை, கழுத்தைக் கொஞ்சம் அசைத்தால் போதும். கழுத்து தானாகவே அசையத் தயாராக இருந்தது. திரும்பி எஸ்தரைப் பார்த்தேன். அவர் கையில் பேட்டரி இருந்தது. வீட்டில் நின்றுபோன பைக்கிலிருந்து கழற்றி, பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்திருக்கிறார்.

"இல்லை சார்" என்றேன். "இது வெறும் டிரான்ஸ்பார்மர். பேனர் தப்பு. துறைத்தலைவன் நான், பேனருக்கு நான் பொறுப்பு."

தாளாளர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அப்போ எதுக்கு இதை வெச்சிருக்கீங்க?" என்றார் பேராசிரியர். குரலில் மலர்ச்சி போய்விட்டிருந்தது.

எஸ்தர் முன்னால் வந்தார். சுவர் மின்சாரத்தை நிறுத்தினார். பல்பு அணைந்தது. பேட்டரியை வளையத்தோடு இணைத்தார். இணைத்த கணத்தில் பல்பு ஒருமுறை சிமிட்டியது. உள்ளே புலம் எழும் அந்தக் கணம் மட்டும் மாற்றம் உண்டு இல்லையா, அதற்கான சிமிட்டல். பிறகு இருட்டு.

"இப்பத்தான் சார் பாக்கணும்" என்றார் எஸ்தர். "உள்ள காந்தம் நிலையா நிக்குது. வெளிய காந்தமும் இல்ல, மின்புலமும் இல்ல. ஊசிக்குத் தெரியல. பல்புக்குத் தெரியல. எனக்கும் தெரியல. ஆனா இதைச் சுத்தி பொட்டன்ஷியல் இருக்கு. ரெண்டு பக்கமும் போய்ச் சேர்ற எலக்ட்ரான் அலைக்கு மட்டும்தான் தெரியும். அதைக் காட்ட எங்ககிட்ட கருவி இல்ல சார். இவ்ளோதான் எங்களால காட்ட முடியும்."

எல்லோரும் எரியாத பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழுவில் வந்த மற்ற இருவரும்கூட, அவர்கள் வேறு துறைக்காரர்கள், அதைக் குனிந்து பார்த்தார்கள். வெளியே சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. ஏதோ தூக்கத்தில் எல்லோரும் ஒரே கனவைப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"இருக்குன்னா, இந்த இடத்துல எவ்வளவு இருக்கு? சொல்லும்மா" என்று வளையத்துக்குப் பக்கத்தில் விரல் வைத்துக் கேட்டார் பேராசிரியர்.

"அப்படிக் கேட்டா அர்த்தம் இல்ல சார். எங்க ஊர்ல ஒவ்வொரு கம்பெனி கேட்லயும் ஒரு கடியாரம். ஆளுங்க சீக்கிரம் வரணும்னு அவங்கவங்க இஷ்டத்துக்கு முன்னாடி தள்ளி வெச்சிருப்பாங்க. எது சரியான டைம்னு கேட்டா யாரும் சொல்ல முடியாது. ஆனா ரெண்டு பேர் ஒரே கேட்ல வாட்சை ஒண்ணா வெச்சிக்கிறாங்கன்னு வைங்க. ஒருத்தர் காம்பவுண்டுக்கு இந்தப் பக்கமா, ஒருத்தர் அந்தப் பக்கமா சுத்திப் போறாங்க. யாரும் வாட்சைத் தொடல. பின்னாடி கேட்ல சந்திக்கிறப்ப ரெண்டு வாட்சும் வேற வேற காட்டுது. அந்த வித்தியாசம் யார் இஷ்டமும் இல்ல சார். எந்தக் கடியாரத்தை எப்படித் தள்ளி வெச்சாலும் அது மாறாது. உள்ள இன்னாவோ இருக்கு. ரெண்டு பேரும் உள்ள போவல, அவ்ளோதான்."

நான் வகுப்பில் பாலாற்றைத்தான் சொல்வேன், மேலே மணல், அடியில் நீர் என்று. எஸ்தருக்கு அது பிடிக்காது. ஓரிடத்தில் தோண்டி எடுக்க முடிந்தால் அது பொட்டன்ஷியல் இல்லை சார் என்பார். அன்று அவர் கடிகாரத்தைச் சொன்னதும் என் பாலாறு மொத்தமாக வற்றிவிட்டது.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தாளாளர் எல்லோரையும் கிளப்பினார். வராந்தாவில் என் பக்கத்தில் வந்து, "நல்லா பல்பு குடுத்துட்டீங்க சார் எனக்கு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இலை போட்டு பிரியாணி வைத்த பிறகுதான் பேராசிரியரைக் காணோம் என்று தெரிந்தது. தேடிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன்.

உள்ளே அவரும் எஸ்தரும் வாட்சைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் மேசைக்கு இடப்பக்கமாகவும் எஸ்தர் வலப்பக்கமாகவும் நடந்தார்கள். கான்வாஸ் ஷூ சத்தமே போடவில்லை. நடுவில் அந்த வளையம், எரியாத பல்பு. மறுபக்கம் இருவரும் சந்தித்து வாட்சை நீட்டினார்கள். இரண்டும் ஒன்றாகத்தான் காட்டின. பேராசிரியர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"நாம எலக்ட்ரான் இல்லையேம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

இதற்குப் பிறகு எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். துறை தப்பியது உண்மை. பேராசிரியர் நல்லதாகச் சொன்னாராம், என்ன சொன்னார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் தாளாளருக்குக் கோபம் ஆறவில்லை. எஸ்தருக்கு அந்த வருஷம் நிரந்தரம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. நான் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன பிறகும் சில கோடைகள் அவர் வேலை இருக்கிறதா என்று போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கோடைகளில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்ததில்லை. நான் சொன்ன "இல்லை"க்கு அவர்தான் செலவு செய்தார்.

ஒருமுறை, அவர் இன்னும் தற்காலிகமாக இருந்தபோது, ஓய்வூதிய வேலையாகக் காலையிலேயே கல்லூரிக்குப் போனேன். வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் வரவில்லை. ஆய்வகக் கதவு மட்டும் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். எஸ்தர் பையைக்கூட இறக்கி வைக்காமல், சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரியை வளையத்தோடு இணைத்துக்கொண்டிருந்தார். பல்பு ஒருமுறை சிமிட்டியது. அணைந்தது. அவர் பையை இறக்கி வைத்தார்.

"தினமுமா?" என்றேன்.

"ஆமா சார். சாயங்காலம் கழட்டி சார்ஜ் போட்டுட்டுப் போவேன்."

"போடலன்னாலும் பல்பு இப்படியேதான் இருக்கும். யாருக்குத் தெரியப்போவுது, எஸ்தர்?"

"யாருக்கும் தெரியாது சார்" என்றார். "அதனாலதான்."

ஆகவே, கேட்டவருக்கு என் பதில் இது. அந்த பல்பு ஃபியூஸ் ஆகவில்லை. காலையில் நீங்கள் எல்லோரும் வருவதற்கு முன்னால் தினமும் ஒருமுறை எரிகிறது. நிரந்தரமாகி, துறைத்தலைவராகி, இன்றும் அதே ரயிலில் வருகிறார் உங்கள் மேடம். ஒரு நாள் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், ரயில் தாமதமாகலாம். அன்றைக்கு உங்களில் யாராவது கொஞ்சம் சீக்கிரம் வந்து பேட்டரியை இணைத்துவிடுங்கள்.